ஃபியூஸ் இருந்த இடத்தில்

என் இடது காதில் எப்போதும் ஓர் இரைச்சல் உண்டு. பழைய மேசை ஃபேன் ஓடுவதுபோல, நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். டாக்டர் பரிசோதித்துவிட்டு, இனிமேல் சத்தமில்லாத வேலையாகப் பாருங்கள் என்றார். மலேசியாவில், ஈப்போ நகரில் கார்களுக்கு சப்வூஃபர் மாட்டியும் பழுது பார்த்தும் பிழைக்கிற நாற்பத்தாறு வயது ஆளிடம் சொல்கிற பேச்சா இது? சரி டாக்டர் என்று தலையாட்டிவிட்டு வந்து, அன்று மத்தியானமே ஒரு காரின் பின்பக்கத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடந்தேன்.

சப்வூஃபர் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பாட்டின் அடிச்சத்தத்துக்கென்றே இருக்கிற பெரிய ஸ்பீக்கர் அது. சாலையில் ஒரு கார் போகும்போது, பாட்டு காதில் விழுவதற்கு முன்னாலேயே உங்கள் நெஞ்சில் வந்து இடிக்கிறதே, அது இதன் வேலை. ஒரு தோசைக்கல் அகலம் இருக்கும். மரப்பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும். அதை அதிரவைக்க ஆம்ப்ளிஃபயர் வேண்டும், அதற்கு கரண்ட் வேண்டும், அந்தக் கரண்டை பேட்டரியிலிருந்து கொண்டுவர விரல் தடிமனில் ஒரு சிவப்பு வயர் வேண்டும். என் பிழைப்பு முழுக்க அந்தச் சிவப்பு வயரில்தான் தொங்குகிறது.

பழுதாகி வரும் ஸ்பீக்கரை நான் முதலில் முகர்ந்து பார்ப்பேன். உள்ளே காயில் என்கிற கம்பிச்சுருள் கருகியிருந்தால் தீய்ந்த வெல்லம் போல ஒரு வாடை வரும். பிறகு கடிகாரத்துக்குப் போடுகிற சின்ன பேட்டரியை இரண்டு முனையிலும் ஒரு தொடு தொடுவேன். நல்ல ஸ்பீக்கர் 'டொப்' என்று வெளியே தள்ளும். உள்ளே இழுத்தால் யாரோ வயரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். ஒன்றுமே செய்யாவிட்டால் சொந்தக்காரரிடம் துக்கச் செய்தி சொல்ல வேண்டியதுதான். சிலர் அதைக் கேட்டு நிஜமாகவே கண் கலங்குவார்கள். எனக்கு ஆறுதல் சொல்லத் தெம்பு கிடையாது. வேறு வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த காருக்குப் போய்விடுவேன்.

களைப்பு என்பது எனக்கு ஏதோ ஒருநாள் வந்து போவதல்ல. டேஷ்போர்டுக்குக் கீழே முதுகைக் கொடுத்து, கால்களைக் கதவுக்கு வெளியே நீட்டி, மூக்கின் மேல் தூசி கொட்டக் கொட்டக் கிடந்து இருபத்து நாலு வருடம் ஆகிறது. காலையில் எழுந்ததும் முதலில் வலிப்பது இடுப்பா கழுத்தா என்று பார்த்துக்கொண்டுதான் பசியாறவே உட்காருவேன். இதையெல்லாம் அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. நான் செய்த ஒரு காரியத்துக்கு இந்தக் களைப்பைத்தான் ரொம்ப நாள் காரணம் காட்டிக்கொண்டிருந்தேன், அதற்காகச் சொல்கிறேன்.

நான் பிறந்த தோட்டம் தெலுக் இந்தான் போகும் வழியில் இருக்கிறது. கித்தா என்கிற ரப்பர் மரங்களை வெட்டி, எண்ணெய்க்காகச் செம்பனை போட்டு ரொம்ப காலம் ஆகிவிட்டது. நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளும் போய்விட்டன. மாரியம்மன் கோயிலும் ஒரு தமிழ்ப்பள்ளியும் மிச்சம். எனக்கு அந்த இடத்தின் மேல் ஏக்கமெல்லாம் கிடையாது. கொசுவும், சம்பள நாளில் குடித்துவிட்டுக் கட்டிப் புரண்ட ஆட்களும்தான் ஞாபகத்தில் இருக்கிறார்கள். ஆனாலும் வருடம் ஒருமுறை திருவிழாவுக்குப் போவேன். போகாவிட்டால் அந்த வருடம் முழுக்க யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

அந்தக் கோயிலில் ஒரு பழக்கம். காலையில் அம்மன் ஊர்வலத்துக்குப் புறப்பட்டுத் திரும்பக் கோயில் வாசலுக்கு வரும்வரை மேளச்சத்தம் அறுந்துபோகக் கூடாது. முன்பு உறுமிக்காரர்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து மாற்றி மாற்றி அடித்தார்கள். இப்போது அடிக்கத் தெரிந்தவர்கள் நாலைந்து பேர்தான், அவர்களும் ஆளுக்கொரு ஊரில் வேலைக்குப் போய்விட்டு அன்றைக்கு மட்டும் வருகிறவர்கள். கை ஓய்ந்து அவர்கள் நிறுத்துகிற நேரத்தை நிரப்பத்தான் ஒரு வேனில் சப்வூஃபர் கட்டி அம்மனுக்குப் பின்னால் விடுவது. ஒரு வருடம் நடுவழியில் சத்தம் நின்றுவிட்டதாம், அதே வாரம் கோயில் கூரையில் மரம் விழுந்ததாம். கோயில் தலைவர் இதைச் சொல்லாத கூட்டமே கிடையாது.

வேன் ஓர் அக்காவுடையது. ஐம்பதைத் தாண்டிய மனுஷி, கணவர் இல்லை. சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகளை அந்தத் தமிழ்ப்பள்ளிக்கு ஏற்றிப் போய்க் கொண்டுவருவதுதான் அவர் தொழில். கோயிலுக்கு என்று கேட்டதும் மறுபேச்சு பேசாமல் சாவியைக் கொடுத்தார். திருவிழாவுக்கு முதல் நாள் போய், பின்வரிசை சீட்டை எடுத்துவிட்டு, இரண்டு சப்வூஃபர் இருக்கும் பெட்டியை அங்கே இறக்கினேன். அந்த மாதிரிப் பழைய வேனில் பேட்டரி முன்சீட்டுக்கு அடியில்தான் இருக்கும். அங்கிருந்து சிவப்பு வயரைத் தரைவிரிப்புக்குக் கீழே, சீட்டுக் கால்களின் ஓரமாகவே பின்னால் கொண்டுபோனேன். பேட்டரியை ஒட்டி ஒரு ஃபியூஸ் வைத்தேன். வயர் எங்காவது உரசி இரும்பைத் தொட்டால், தான் எரிந்துபோய்க் கரண்டை நிறுத்துகிற சின்னத் துண்டுதான் ஃபியூஸ். அது இல்லாவிட்டால் வயரே எரியும். இந்தத் தொழிலில் நான் முதல் நாளே கற்றுக்கொண்ட பாடம் இது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஊர்வலம் சாலை முனைக்கு வந்தபோது உறுமிக்காரர்கள் கையை உதறிக்கொண்டு நிறுத்தினார்கள். வேனில் பாட்டைப் போட்டேன். யாரோ ஒரு மகராசன் ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சத்தத்தை முழுக்கத் திருகிவிட்டான். ஊர்வலத்தில் வேன் ஊர்ந்துகொண்டுதான் போகும், பேட்டரி இறங்கும், ஆம்ப்ளிஃபயர் அதற்கு ஈடுகட்ட இன்னும் அதிகமாகக் கரண்ட்டை இழுக்கும். ஃபியூஸ் போனது. வேறு போட்டேன், அதுவும் போனது. கடைசியாக இருந்த மூன்றாவதும் போனது. சாலையில் ஒரே அமைதி. பால்குடம் ஏந்திய பெண்கள் தார்ச்சாலைச் சூட்டில் கால் மாற்றி மாற்றி நின்றார்கள்.

தலைவர் ஓடிவந்தார். "சத்தம் எங்கடா? அம்மா நடுரோட்ல நிக்கிறாங்க, சத்தம் எங்க?"

"ஃபியூஸ் போச்சுண்ணே. டவுனுக்குப் போயி வாங்கிட்டு வந்துர்றேன்."

"டவுனுக்கா? வெளையாடுறியா? இவ்ளோ வருஷம் இந்த வேல செய்ற, ஒரு வழி தெரியாதா ஒனக்கு? போடு லா சீக்கிரம்!"

வழி தெரியும். அதுதான் பிரச்சினை. கருவிப் பெட்டியில் கிடந்த செப்புத் தகட்டில் ஒரு துண்டு வெட்டி, ஃபியூஸ் இருந்த இடத்தில் வைத்துத் திருகினேன். செம்பு எரியாது. என்ன நடந்தாலும் கரண்டை நிறுத்தாது. பாட்டு வந்துவிட்டது. கூட்டம் 'ஓம் சக்தி' என்று ஒரு சத்தம் போட்டது. என்னை யாரும் திட்டவில்லை என்பதே அப்போது பெரிய நிம்மதியாக இருந்தது.

வேனை ஓட்டிவந்த அக்கா மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி குனிந்து பார்த்தார். "தம்பி, இது நெருப்பு கிருப்பு புடிக்காதா? நாளைக்கு நான் பிள்ளைங்கள ஏத்தணும்."

"ஒண்ணும் ஆவாது லா, அக்கா. இன்னிக்கு ஒருநாளுதான். நாளைக்கு நானே வந்து நல்ல ஃபியூஸ் போட்டுத் தரேன்."

ஊர்வலம் முடிந்ததும் அந்த வயரை பேட்டரியிலிருந்து கழற்றியிருக்கலாம். ஒரே ஒரு நட்டு, ஸ்பானரில் நாலு திருப்பு. ஒரு நிமிட வேலை. பெட்டியை மட்டும் இன்னொரு நாள் வந்து எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எனக்கு இடுப்பு விட்டுப் போயிருந்தது, அன்னதானத்தில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டேன், வெயில் தலைக்கேறிக் கண்ணைச் செருகியது. நாளைக்குத்தான் வரப்போகிறோமே என்று காரை எடுத்துக்கொண்டு வீடு வந்து படுத்துவிட்டேன்.

மறுநாள் போகவில்லை. முதுகு பிடித்துக்கொண்டது என்பது உண்மை. செவ்வாய்க்கிழமை முதுகு விட்டுவிட்டது என்பதும் உண்மை. அன்று கடையில் நாலு கார் நின்றது. புதன்கிழமை அக்கா போன் செய்தார். "வெள்ளிக்கிழம கண்டிப்பா வாரேன்க்கா" என்றேன். அடுத்த வாரம் மறுபடி செய்தார், அப்போதும் ஏதோ ஒரு கிழமையைச் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் செய்யவில்லை. அவர் மறந்துவிட்டார் என்று நானாக முடிவு செய்துகொண்டு, நானும் மறக்கத் தொடங்கினேன்.

மறக்க முடியாமல் செய்தது என் மனைவிதான். "அந்த வேன் அக்காவுக்குச் செஞ்சி குடுத்தாச்சா?" என்று சோற்றைப் போடும்போது கேட்பாள்.

"ஒண்ணேகா மணி நேரம் ஓட்டிப் போவணும். ஒரு ஃபியூஸுக்கா?"

"அப்ப வாரேன்னு ஏன் சொன்னீங்க?"

நாள் முழுக்க உழைத்துவிட்டு வருகிறவனைச் சாப்பிட விடுகிறாயா என்று கத்தினேன். அவளும் நாள் முழுக்க ஒரு கிளினிக்கில் நின்றுவிட்டு வருகிறவள்தான். அவள் தட்டை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டாள்.

மூன்று வாரம் இப்படிப் போனது. அப்புறம் ஒருநாள் காலையில் தஞ்சோங் மாலிமிலிருந்து ஒருவர் காரை இழுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு என் கடைக்கு வந்தார். கார் தொழிற்சாலையில் வேலை, வீடியோ பார்த்து தானே சப்வூஃபர் கட்டிக்கொண்டாராம். முன்னால் வயர் நுழைகிற ஓட்டையில் ரப்பர் வளையம் போடவில்லை. இரும்பு விளிம்பு வயரின் தோலைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து ஒருநாள் செம்பைத் தொட்டுவிட்டது. விரிப்பில் கையகலத்துக்குக் கருகல். அதோடு நின்றிருந்தது, ஏனென்றால் மனிதர் ஃபியூஸை மட்டும் ஒழுங்காக வைத்திருந்தார்.

எனக்குப் பிறருக்குப் புத்தி சொல்வதில் ஒரு சுகம் உண்டு. எரிந்துபோன ஃபியூஸை அவர் மூக்குக்கு நேராகப் பிடித்தேன். "பாத்தீங்களாண்ணே? இது இருந்ததால ஒங்க காடி பொழச்சுச்சு. இது மட்டும் இல்லேன்னா உள்ள உக்காந்திருக்கிறவங்க இறங்குறதுக்குள்ள..."

அந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. சீட்டுக் கால்களின் ஓரமாக நான் போட்ட வயர், அந்த சீட்டுகளில் தினமும் ஏறி இறங்கும் பிள்ளைகள், முன்சீட்டுக்கு அடியில் பேட்டரி, அதன் பக்கத்தில் என் கையால் வைத்த செப்புத் தகடு. எல்லாம் ஒன்றாகக் கண்முன்னால் வந்து நின்றது. பாட்டை நிறுத்தியிருந்தாலும் அந்த வயரில் கரண்ட் இருந்துகொண்டேதான் இருக்கும். இருபத்து மூன்று நாள்.

அக்காவுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. மணி பதினொன்றே முக்கால். பள்ளி ஒரு மணிக்கு விடும். கடையை அப்படியே போட்டுவிட்டு, அந்த மனிதரைக் கடை வாசல் அஞ்சடி நடைபாதையில் நிற்கவைத்துவிட்டுக் காரை எடுத்தேன். சிம்பாங் பூலாயில் நெடுஞ்சாலை ஏறினேன். ஒரு கையால் மறுபடி மறுபடி போன் போட்டேன். அதுவும் தப்பு என்று தெரிந்தே செய்தேன். எனக்கு முன்னால் போன ஒவ்வொரு லாரியையும் சபித்தேன். பிறகு பயம் வந்து, சபித்ததை வாபஸ் வாங்கிக்கொண்டு, அம்மா தாயே இன்றைக்கு ஒருநாள் மட்டும் என்று கும்பிட்டேன். ஊர்வலத்தன்றும் இதே 'ஒருநாள் மட்டும்'தான் சொன்னேன் என்பது ஞாபகம் வந்ததும் கும்பிடவும் வெட்கமாக இருந்தது.

பள்ளிக்கூடத்தை நான் நெருங்கும்போது மணி அடித்து முடிந்திருந்தது. வாசலில் வேன் கிளம்பத் தயாராக நின்றது. உள்ளே வெள்ளையும் நீலமுமாகப் பிள்ளைகள். காரைக் குறுக்கே நிறுத்திவிட்டு இறங்கி ஓடினேன். "இறங்குங்க! எல்லாம் இறங்குங்க! அக்கா, இஞ்சின அடைங்க!"

பிள்ளைகள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்ததும் சாவியைத் திருப்பிவிட்டு, கதவைத் திறந்து, பிள்ளைகளை வரிசையாக இறக்கிப் பள்ளி வேலியோரம் நிற்கவைத்தார். அப்புறம்தான் கேட்டார். "என்னா தம்பி? பேயடிச்ச மாதிரி வர்ற?"

"அந்த வயரு, அக்கா. ஃபியூஸு... நான் வாரேன்னு சொன்னேன்ல..."

"அதா? அது கழட்டிப்போட்டு ரெண்டு வாரமாச்சே."

முன்சீட்டைத் தூக்கிக் காட்டினார். சிவப்பு வயரின் முனை பேட்டரியிலிருந்து பிரிக்கப்பட்டு, ரொட்டி வாங்கின பிளாஸ்டிக் பையில் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு ஓரமாக ஒதுக்கப்பட்டிருந்தது. வேன் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"முன்னுக்கு உக்கார்ற சின்னவ சீட்டு சுடுதுன்னு சொன்னா," என்றார் அக்கா. "பழைய வேனு, எப்பவும் சூடாத்தான் இருக்கும். ஆனா அன்னிக்கு எனக்கு மனசு கேக்கல. பக்கத்து வீட்டுல ஸ்பானர் வாங்கிக் கழட்டிட்டேன்."

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்லக்கா."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். முந்தானையால் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு, சாதாரணமாகத்தான் சொன்னார். "ரெண்டு தடவ பண்ணேன்ல? பொய் சொல்ல மாட்டேன் தம்பி, நீ வருவேன்னு எனக்கு நம்பிக்க இல்ல. ஒனக்கும் வேல ஜாஸ்தி, பாவம். அதான் நானே பாத்துக்கிட்டேன்."

வந்ததற்கு வயரையாவது முழுக்க எடுத்துவிடலாம் என்று தரைவிரிப்பைப் புரட்டினேன். இரண்டாம் வரிசை சீட்டின் காலடியில் வயரின் தோல் ஒரு விரற்கடை நீளத்துக்கு அறுந்து, செம்பு பளபளவென்று தெரிந்தது. சீட்டுக் காலின் இரும்பில் கறுப்பாக ஒரு தீப்பொறி பட்ட தழும்பு. விரிப்பின் அடிப்பக்கம் உருகி முடிச்சிட்டிருந்தது. அது தொட்டிருக்கிறது. ஒரு தடவையோ இரண்டு தடவையோ தொட்டு, வேன் குலுங்கியதில் விலகியிருக்கிறது. இன்னும் கொஞ்சம் அழுத்தித் தொட்டிருந்தால் கரண்டை நிறுத்த அங்கே ஒன்றுமே இருந்திருக்காது.

மறைத்துவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. அந்த நொடிக்காக நான் இன்றும் என்னை வெறுக்கிறேன். அதற்குள் அக்கா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டார். அந்தக் கறுப்புத் தழும்பை விரலால் தொட்டு, விரலைப் பார்த்தார்.

"அக்கா, நீங்க மட்டும் என்னிய நம்பியிருந்தா..."

"பிள்ளைங்க நிக்கிறாங்க," என்றார். "அப்புறம் பேசு."

பெட்டியையும் எடுத்துப் போய்விடச் சொன்னார், பிள்ளைகளின் பைகளை வைக்க இடம் வேண்டுமாம். அதைத் தனியாளாகத் தூக்கி இறக்கினேன். அன்று என் முதுகு வலித்ததா என்று எனக்கு நினைவில்லை. அக்கா வேலியோரம் போய்ப் பிள்ளைகளைக் கூப்பிட்டார். ஏறும்போது ஒவ்வொரு பிள்ளையின் தலையையும் தொட்டு எண்ணி ஏற்றுவது அவர் வழக்கம் போலிருக்கிறது. அந்த வேனில் எத்தனை பிள்ளைகள் போகிறார்கள் என்று நான் அதுவரை கேட்டதே இல்லை. அறுந்த வயரைக் கையில் பிடித்துக்கொண்டு சாலையோரம் நின்று, அவரோடு சேர்ந்து வாய்க்குள் எண்ணினேன். ஒன்பது, பத்து. பதினொன்றாவதாக முன்சீட்டில் ஏறிய சின்னவள், உட்காருவதற்கு முன் உள்ளங்கையை சீட்டின் மேல் வைத்துச் சுடுகிறதா என்று பார்த்துவிட்டு உட்கார்ந்தாள்.